காரிடாருக்குக் குளிர், யாழினிக்குச் சூடு

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு மின்சாமான் கடை. உள்ளே போய் ஹீட்டர் கேட்டேன். கடைக்காரர் தலையைத் தூக்காமலே குளியலறை ஹீட்டர்கள் அடுக்கியிருந்த பக்கம் கையைக் காட்டினார்.

"குளிக்கிறதுக்கு இல்லண்ணே. ரூமுக்கு."

"ரூமுக்கா?"

"ஆமா. ரூம சூடு பண்றதுக்கு."

இப்போது தலையைத் தூக்கினார். என் சட்டைப் பைக்கு மேலே 'ஏர்கோன் சர்வீஸ்' என்று தைத்திருந்ததை நிதானமாகப் படித்தார். வருடக் கடைசி மழைக்காலம்தான். ஆனால் மத்தியான மழைக்கு முன்னால் வெயில் ஒரு காட்டுக் காட்டுமே, அந்த நேரம். பூக்கடைக்காரர்கள் மாலைகளின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாஸ், இது கிள்ளான் லா. ஃபேன் கேளுங்க, தரேன். ஏர்கூலர் கேளுங்க, தரேன். நீங்களே ஏர்கோன்காரரு, உங்களுக்கு எதுக்கு ஹீட்டரு?"

கடைக்குள் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். குளிர்கிற கேமரன் மலைக்குப் போய்க் கேளுங்கள் என்று ஒருவர் வழி சொன்னார். வேறொரு நாளாக இருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹீட்டர் இல்லாமல் வீட்டுக்குத் திரும்ப எனக்குப் பயமாக இருந்தது.

போன வாரம் துறைமுகத்து மீன் கிடங்கில் குளிர்ப்பெட்டி பழுது பார்த்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, 'வாழ்நாள் முழுக்கக் குளிரைப் பற்றியேதான் எழுதுவீர்களா?' என்று கேட்டிருந்தார். அவருக்காக இந்த வாரம் சூடு.

அரிசிப் பையைவிட லேசு

என் தங்கை சுமதிக்கு மாதம் நிறையாமலே பிள்ளை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. யாழினி என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த அன்று பெயரே பிள்ளையைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

மாப்பிள்ளை முரளிக்குச் சரவாக் கடலில், எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. ஓடி வந்து பார்த்தார், அழுதார், லீவு முடிந்ததும் திரும்பிப் போனார். போனால் வாரக்கணக்கில் வரமுடியாத வேலை அது.

ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் சில வாரம் இருந்துவிட்டு யாழினி சுமதியின் பிரிக்ஃபீல்ட்ஸ் ஃபிளாட்டுக்கு வந்தாள். இரண்டு கிலோ அரிசிப் பையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதைவிட லேசு. உள்ளங்கால் என் கட்டைவிரல் அளவுதான் இருந்தது.

சுமதி நாள் முழுக்க அவளை வெறும் நெஞ்சில் போட்டு, துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டே இருந்தாள். கங்காரு மாதிரி வைத்துக்கொள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இந்த மாதிரிக் குழந்தைக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாதாம். நமக்கு வேர்க்கிற நாளில்கூட அதற்குக் குளிருமாம்.

கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வந்து பார்க்கும் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், எனக்கு அதை மலாய் மொழியில் விளக்கிச் சொன்னார். குளிரில் கிடந்தால், குடிக்கிற பாலையெல்லாம் உடம்பு சூடு உண்டாக்கவே செலவழித்துவிடும். அப்புறம் எடை போடுவதற்கு எதுவும் மிஞ்சாது. இதைக் கேட்டதும் எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. அந்தச் சின்ன உடம்புக்குள்ளும் ஒரு மீட்டர் ஓடுகிறது. சூட்டுக்கான செலவு ஏறினால் மற்றதற்கெல்லாம் துண்டு விழும்.

இப்படி இருக்கும்போதுதான் சுமதிக்குக் காய்ச்சல் வந்தது. பிரசவ ஆபரேஷன் காயத்தில் கிருமி. அவளைத் திரும்ப ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டார்கள். பிள்ளையை அந்த வார்டில் கூட வைத்துக்கொள்ள முடியாது என்றார்கள்.

அடுத்த முறை தராசில் வைக்கும்போது எடை ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் யாழினி மறுபடியும் கண்ணாடிப் பெட்டிக்குப் போக வேண்டியதுதான்.

"அண்ணே, அந்தப் பெட்டிக்குள்ள மட்டும் திரும்ப அனுப்பிடாதண்ணே," என்றாள் சுமதி. அவள் கை என் கையைச் சுட்டது. காய்ச்சல் அப்படி. "வெளிய நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். தொடக்கூட முடியல."

அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று தெரியாமலே கொடுத்த வாக்கு அது.

சுங்கை வேயிலிருந்து வந்த சட்டம்

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முரளியின் அக்கா வந்தார். சரோஜா அக்கா. சுங்கை வே ஃபேக்டரி ஒன்றில் கம்ப்யூட்டர் சில்லு செய்யும் அறையில் காலம் பூராவும் வேலை செய்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். தூசி துரும்பு நுழையாத அறை அது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு போட்டு, கண் மட்டும் தெரிகிற மாதிரி உள்ளே போவார்களாம். கூட வேலை செய்தவர்களைக் கண்ணை வைத்தே அடையாளம் சொல்வார். பாசாரில் பழைய தோழியைப் பார்த்தால், முதலில் ஒரு கையால் அவர் மூக்கையும் வாயையும் மறைத்துப் பார்த்து, "அட, நீதானா" என்பார்.

வந்ததும் வீட்டை ஃபேக்டரி ஆக்கினார். வாசலில் செருப்பு, அதற்கு உள்ளே இன்னொரு செருப்பு. முழங்கை வரை சோப்பு. நகத்தைக் காட்ட வேண்டும். என் தலையில் ஒரு பிளாஸ்டிக் தொப்பியை மாட்டிவிட்டார்.

"அக்கா, எனக்குத் தலையில முடியே கொஞ்சம்தான்."

"அந்தக் கொஞ்சம் விழுந்தா போதும்."

அவரும் பிள்ளையை நெஞ்சில் போட்டுப் பார்த்தார். முறையாகத்தான் செய்தார். ஆனால் சமைக்க வேண்டும், பால் புட்டிகளைக் கொதிக்கவைக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். உட்கார நேரமில்லை. அதோடு ஆள் தென்னங்குச்சி மாதிரி. கிள்ளான் வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றாதவர்.

"என் உடம்புல சூடு எங்க இருக்கு கனகு? இருந்ததெல்லாம் ஃபேக்டரி ஏர்கோன் உறிஞ்சிருச்சு," என்றார்.

சுமதி கறந்து கொடுக்கும் பாலை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது என் வேலை. அதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு பொருளைக் கெடாமல் குளிராக வைத்திருப்பது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு பிள்ளையைச் சூடாக வைத்திருப்பதுதான் கைவராத வித்தையாக இருந்தது.

அதனால்தான் கிள்ளானில் ஹீட்டர் தேடி அலைந்தேன்.

வல்லவனுக்குப் பழைய ஏர்கோனும் ஆயுதம்

கடையிலிருந்து திரும்பும் வழியில் லோரியை ஓரங்கட்டி நிறுத்தினேன். ஒன்று தோன்றியது. தோன்றியதை நினைத்து எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

தொழில் கற்ற காலத்தில், மழையில் நனைந்த சட்டையை நாங்கள் ஓடுகிற ஏர்கோனின் பின்பக்கம் பிடித்துக் காயவைப்போம். முன்னால் குளிர் வரும், பின்னால் அனல் அடிக்கும். ஒருவன் அப்பளம்கூடக் காயவைத்தான். ஏர்கோன் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் அதைத் திருப்பி மாட்டினால்?

சுமதி வீட்டுப் படுக்கையறைச் சுவரில் ஒரு பழைய பொந்து இருந்தது. முன்பு குடியிருந்தவர் ஏர்கோன் வைத்த பொந்து. அது காரிடாரைப் பார்த்திருந்தது. என் ஸ்டோரில் சன்னலில் வைக்கிற பழைய மாடல் ஒன்று கிடந்தது. அதைக் கழுவித் துடைத்து, பின்பக்கம் அறைக்குள்ளும் முன்பக்கம் காரிடாரிலும் வருகிற மாதிரி மாட்டினேன். அனல் நேராகப் பிள்ளை மேல் படாமல் ஒரு தடுப்பும் வைத்தேன். சுவிட்சைப் போட்டேன்.

அறை வெதுவெதுவென்று ஆனது. சரோஜா அக்கா சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்தார், யாழினியின் பாதத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"பரவால்ல," என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பட்டம்.

ஆனைக்கும் அடி சறுக்கும். எனக்கு எங்கே சறுக்கியது என்று சொல்கிறேன். 'போதும், நில்' என்று மெஷினுக்குச் சொல்கிற கருவி, குளிர் வருகிற பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கம் இப்போது காரிடாரில். திறந்துகிடக்கிற காரிடார் எந்தக் காலத்தில் குளிர்ந்து முடிப்பது? கடலில் கரைத்த பெருங்காயம். மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள்தான் மாறி மாறி எழுந்து போய் அணைத்து அணைத்துப் போட வேண்டியிருந்தது.

காரிடாரில் நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவே இல்லை. பக்கத்து வீட்டு ஆரோக்கியம் அங்கிள், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், முதல் நாள் நின்று பார்த்தார். இரண்டாம் நாள் ஒரு நாற்காலி கொண்டுவந்தார். அந்த வாரமே மாடியில் உள்ள பெரியவர்கள் எல்லாரும் எங்கள் மெஷினுக்கு எதிரில் கேரம் போர்டு போட்டுவிட்டார்கள். மெஷினிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு நான் வாளி வைத்தால், அங்கிள் அதை எடுத்துத் தன் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார்.

"முன்ன இருந்தவன் இந்த ஓட்ட வழியா எங்க மூஞ்சியில அனல் அடிச்சான் தம்பி. வருஷக்கணக்கா சண்ட. நீ நல்லா இருப்ப," என்று ஆசீர்வாதம் செய்தார்.

மிஸ்ஸி வந்தபோது கேரம் போர்டைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டியிருந்தது. மெஷினைச் சுற்றிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வீட்ல ஆளுங்க இருக்கும்போது மெஷின் எதுக்கு?" என்று மலாய் மொழியில் கேட்டார். "அம்மா இல்லன்னா அப்பா. அப்பா இல்லன்னா மாமா. மனுஷ உடம்புச் சூடு பெர்ச்சுமா, பில் வராது." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "இந்த மாமாகிட்ட ரெண்டு பிள்ளைக்கு இடம் இருக்கு," என்றார்.

சரோஜா அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அதெல்லாம் வேணாம் மிஸ்ஸி. கல்யாணம் ஆகாத ஆம்பள. பிள்ள தூக்கிப் பழக்கமில்ல. வேர்வ. நெஞ்சு பூரா முடி. இப்படி ஓர் ஆள எங்க ஃபேக்டரியில கேட்டுக்குள்ளயே விடமாட்டோம்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. ஏன் என்று சொல்ல, என் தொந்தியின் கதையைச் சொல்ல வேண்டும்.

தொந்தியின் கதை

அது என்னோடு பிறந்தது. கைக்குழந்தைப் படத்திலேயே எனக்கு முன்னால் அதுதான் நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒருமுறை அருவிக்கு அழைத்துப் போனார்கள். எல்லாரும் சட்டையைக் கழற்றினார்கள், நானும் கழற்றினேன். பையன்கள் என்னைச் சுற்றி நின்று வயிற்றில் மேளம் அடித்தார்கள். ஒருவன் நாதஸ்வரம் ஊதுகிற மாதிரி வாயால் ஊதினான். வாத்தியாரும் சிரித்தார்.

அன்றைக்குப் போட்ட சட்டைதான். அதற்குப் பிறகு நாலு பேர் முன்னால் நான் கழற்றியதில்லை. மேல்சட்டை இல்லாமல்தான் உள்ளே வரவேண்டும் என்கிற கோயில்களில் வெளியில் நின்றே கும்பிட்டுவிட்டு வருவேன். பத்துமலையில் காவடி எடுத்த கூட்டாளிகளோடு எல்லாப் படியும் ஏறினேன், சட்டையோடு. வேலையில் கூரைக்குக் கீழே வெந்து சாகிற நாட்களிலும் சட்டையோடு. கேட்டால் மின்சாரம், பாதுகாப்பு என்று எதையாவது சொல்லிச் சமாளிப்பேன்.

வெளியே நானும் தொந்தியைக் கேலி செய்துகொள்வேன். மற்றவர்கள் தொடங்கும் முன் நாமே தொடங்கிவிட்டால் வலி குறைவு. கனத்த உடம்பு இருக்கிறவர்களுக்கு இது தெரியும்.

கரண்ட் போன மத்தியானம்

இதற்கிடையில் மாதக் கடைசி வந்தது. கரண்ட் பில் கைத்தொலைபேசியில் வந்து விழுந்தது. சரோஜா அக்கா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஃபேக்டரி பில்ல எனக்கு மாத்தி அனுப்பிட்டானுங்களா?"

"கரண்ட் விலையும் ஏறியிருக்குக்கா," என்றேன்.

"விலை ஏறினது ஒரு பக்கம் இருக்கட்டும். வெளிய பாரு. ஊரான் வீட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையேன்னு உக்காந்திருக்காங்க. கடல்ல கெடந்து கஷ்டப்படறான் என் தம்பி. அவன் காசுல காரிடாருக்கு ஏர்கோன்."

பில்லை நான் கட்டுகிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. அன்றிலிருந்து மெஷினுக்குக் கட்டுப்பாடு வந்தது. அவர் பிள்ளையை நெஞ்சில் வைத்திருக்கும்போது ஓடாது. வெயில் நேரத்தில் ஓடாது. மழை பிடித்தால் மட்டும் ஓடும்.

ஒரு மத்தியானம் சரோஜா அக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். யாழினி பால் குடித்துவிட்டுத் தொட்டிலில் தூங்கினாள். நான் காவல். வானம் இருட்டிக்கொண்டு வந்து மழை கொட்டத் தொடங்கியது. எழுந்து சுவிட்சைப் போட்டேன். மெஷின் ஒரு உறுமல் உறுமியது. டப் என்று ஒரு சத்தம். எல்லாம் நின்றுவிட்டது.

ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தேன், சரியாக இருந்தது. கதவைத் திறந்தால் காரிடார் முழுக்க இருட்டு. கட்டடத்துக்கே கரண்ட் இல்லை. எதிர்க் கட்டடத்துக்கும் இல்லை. ஈரக்காற்று நான் திறந்த கதவு வழியாகவே உள்ளே புகுந்தது. ஓடிப்போய்ச் சாத்தினேன்.

சரோஜா அக்காவைக் கூப்பிட்டேன். வெள்ளத்தில் ரோடு அடைத்து, கார் நகராமல் நடுவழியில் இருந்தார். "துணிய நல்லா சுத்தி வை, வந்துர்றேன்," என்றார். சுற்றினேன். மேலே ஒரு துண்டையும் சுற்றினேன். ஆனால் தனக்குள்ளே சூடு இல்லாத ஒன்றை எத்தனை துணியில் சுற்றி என்ன? ஐஸ் கட்டியைக் கம்பளியில் சுற்றினால் அது ஐஸாகத்தான் இருக்கும். இது எனக்குத் தெரியாதா.

துணிக்குள் கையை விட்டு அவள் பாதத்தைத் தொட்டேன். ஏர்கோன் குழாயைத் தொட்டே உள்ளே கேஸ் குறைந்திருக்கிறதா என்று சொல்கிற கை இது. பாதம் சில்லென்று இருந்தது. அவள் அழக்கூட இல்லை, சோர்ந்து கிடந்தாள். அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சுமதிக்குப் போன் போட்டேன். படுக்கையிலிருந்து எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் பதறுவாள் என்று நினைத்தேன். பதறவில்லை.

"அண்ணே, சட்டைய கழட்டு."

"சுமதி, நானா?"

"நீதான். வேற யாரு இருக்கா? கைய கழுவு, நெஞ்ச ஈரத் துணியால தொடச்சுக் காய விடு. பாப்பாவுக்குத் தொப்பியும் டயப்பரும் போதும். நெஞ்சோட நிமித்தி வை. தலைய ஒரு பக்கமா திருப்பி வை, மூக்கு மூடக்கூடாது. சாஞ்சு உக்காரு. முதுகுக்குத் துணி போட்டுக் கட்டு. தூங்கிடாதண்ணே."

சொன்னதையெல்லாம் செய்தேன். சட்டையைக் கழற்றும்போது யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். பழக்கதோஷம்.

அவளை எடுத்து நெஞ்சில் வைத்தேன். ஒரு குளிர்ந்த பொட்டலம் மேலே ஒட்டினாற்போல் இருந்தது. கால்கள் தானாக மடங்கித் தொந்தியின் மேல் உட்கார்ந்துகொண்டன, அவளுக்கென்றே போட்ட மேடை மாதிரி. ஆனால் ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துணியைக் கட்ட முடியவில்லை. வேறு வழியில்லாமல் அங்கிளைக் கூப்பிட்டேன்.

ஆரோக்கியம் அங்கிள் உள்ளே வந்து, என் கோலத்தைப் பார்த்து, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவினார். சரோஜா அக்காவின் சட்டம் காரிடார் வரை பரவியிருந்தது. கொடியில் துவைத்துக் காய்ந்த கைலியை எடுத்து, எங்கள் இருவரையும் சேர்த்துச் சுற்றி, முதுகில் முடிச்சுப் போட்டார். சாய்வு நாற்காலியில் என்னை உட்காரவைத்து, தூங்கிவிடாமல் இருக்க ரயில்வே கதைகளை மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கதைகளுக்கே பாதி ஆள் தூங்கிவிடுவான். நான் கண்ணைக் கொட்டவில்லை.

வெளியே மழை அடித்து ஊற்றியது. நேரம் போகப் போக அந்தப் பொட்டலத்தின் குளிர் குறைந்தது. பிறகு எது என் சூடு, எது அவள் சூடு என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போனது. அவள் மூச்சு என் நெஞ்சு முடியை ஆட்டியது. ஒரு கை மெல்லத் திறந்து, என் தோலைப் பிடித்துக்கொண்டது. நான் அழுதேன். அங்கிள் பார்க்காத மாதிரி சிக்னல் கதையைத் தொடர்ந்தார்.

சரோஜா அக்கா சொட்டச் சொட்ட வந்து நின்றார். சட்டையில்லாத நான், கைலி, கைலிக்கு மேலே எட்டிப் பார்க்கிற ஒரு சின்னத் தொப்பி. தலையில் பிளாஸ்டிக் தொப்பி போட மறந்திருந்தேன். இன்றைக்கு நம் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"சத்தம் போடாதம்மா. பாப்பா தூங்குது," என்றார் அங்கிள்.

அக்கா போய்க் கை கழுவி, துடைத்து, உலரவைத்து வந்தார். கைலிக்குள் கையை விட்டு யாழினியின் பாதத்தைப் புறங்கையால் தொட்டார். நெடுநேரம் கையை எடுக்கவில்லை. கண்ணை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கிறவர் முதல் தடவையாக என்னை அடையாளம் கண்டவர் மாதிரிப் பார்த்தார்.

"அசையாத," என்றார். "டீ போட்டு எடுத்தாரேன்."

தராசு

மறுநாளே மெஷினைக் கழற்றிவிட்டேன். காரிடாரில் துக்க வீடு மாதிரி நின்றார்கள். கேரம் போர்டு கீழ்த்தளத்துக்குப் போய்விட்டது.

அன்றிலிருந்து எனக்கு ஷிஃப்டு. காலையில் ஒரு வீடு, இரண்டு வீடு சர்வீஸ் முடித்துவிட்டு வந்து, குளித்து, நகம் காட்டி, அக்காவிடம் 'பாஸ்' வாங்கி உட்காருவேன். நெஞ்சில் அவள், பக்கத்தில் தண்ணீர் பாட்டில், எதிரில் அக்கா. "கண்ண மூடினா பிள்ளைய எடுத்துருவேன்," என்பார். வாடிக்கையாளர்கள் போன் செய்தால் ரகசியக் குரலில் பேசுவேன். என்ன பாஸ், உடம்பு சரியில்லையா என்பார்கள். உடம்பு ரொம்பச் சரியாக இருக்கிறது என்பேன்.

எடை பார்க்கும் நாள் வந்தது. கிளினிக்கில் மிஸ்ஸி அவளைத் தராசில் வைத்தார். எண் ஏறி, இறங்கி, ஆடியது. சரோஜா அக்கா என் சட்டை நுனியைப் பிடித்திருந்தார், அது அவருக்கே தெரியவில்லை. எண் நின்றது. மிஸ்ஸி பழைய எடையைப் பார்த்தார், புதிய எடையைப் பார்த்தார்.

"நாய்க்," என்றார். ஏறியிருக்கிறது. "பானியாக் நாய்க்." நிறையவே ஏறியிருக்கிறது.

அந்த இடத்திலேயே சுமதிக்குப் போன் செய்தோம். அவள் அழுதாள். அக்கா போனைப் பிடுங்கி, "அழுவாத, பால் குறைஞ்சிரும்," என்று அதட்டினார். அதட்டியவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. கண்ணாடிப் பெட்டி தோற்றது. பீற்றிக்கொள்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் வழியாக நான் லோரி ஓட்டிய விதத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்த வாரம் சுமதி காய்ச்சல் விட்டு வீட்டுக்கு வந்தாள். என் நெஞ்சிலிருந்து பிள்ளையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம்தான். நெஞ்சில் மட்டும் கொஞ்ச நேரம் குளிர்ந்தது.

மாமன் மடி

யாழினிக்கு வயது ஒன்று ஆனபோது பத்துமலையில் மொட்டை போட்டுக் காது குத்தினோம். நம் வழக்கப்படி தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்துவார்கள். அடிவாரத்தில் நல்ல கூட்டம். முரளி கடலிலிருந்து வந்திருந்தார். ஆரோக்கியம் அங்கிள் பூக்கூடையோடு வந்திருந்தார். நான் புதுச் சட்டை போட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

மடியில் வந்து உட்கார்ந்தவள் இப்போது அரிசி மூட்டை. சந்தனம் பூசிய மொட்டைத் தலை. ஆசாரி கம்பியை எடுத்ததைப் பார்த்தாளோ இல்லையோ, வீறிட்டாள். நெளிந்தாள், உதைத்தாள். சுமதி பொம்மை காட்டினாள். முரளி பாட்டுப் பாடினார், அது இன்னும் மோசமாகப் போனது. தலை ஆடினால் குத்த முடியாது என்று ஆசாரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

சரோஜா அக்கா ஸ்வெட்டரோடு முன்னால் வந்து நின்றார்.

"கனகு, சட்டைய கழட்டு," என்றார். ஃபேக்டரிக் குரல். அந்தக் கூட்டம் முழுக்கக் கேட்டிருக்கும்.

எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பொத்தான்களை அவிழ்த்துச் சட்டையைக் கழற்றினேன். அக்கா அதை வாங்கிக்கொண்டார். யாழினியைத் தூக்கி, அழ அழ, நெஞ்சோடு நிமிர்த்தி வைத்தேன். கால்கள் தாமாகவே மேடையைத் தேடி உட்கார்ந்தன. கன்னம் பழைய இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொண்டது. ஒரு விக்கல், இன்னொரு விக்கல், பிறகு மூச்சு மட்டும்.

"இப்ப குத்துங்க," என்றார் சரோஜா அக்கா.

ஆசாரி ஒரு காதைக் குத்தினார். அவள் என் தோலைக் கிள்ளினாள். தலையை மெதுவாகத் திருப்பி வைத்தேன், மறு காதையும் குத்தினார். ஒரு சிணுங்கல், அவ்வளவுதான். முரளி வாயைப் பிளந்து நின்றார். கூட்டத்தில் ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தவரிடம், "மாமன்காரன் உடம்பு வாசன தெரியுது போல பிள்ளைக்கு," என்றார்.

என் சட்டையை அக்கா அழகாக மடித்துக் கையில் வைத்திருந்தார். சாப்பாடு முடிந்து, எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பும்வரை நான் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.